கால் மறவாத மண்

கொல்லாவிளைத் தேரியின் செம்மண் தன்மேல் நடந்த கால்களை மறக்காமல் வைத்துக்கொள்ளத் தொடங்கிய அன்று காலையில், பாக்கியசீலி ரேஷன் கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் கடைசியாக வந்த பக்கத்து வீட்டுத் தவசிக்கனி பையை நீட்டாமல், மேட்டில் செத்துப்போன தன் மாமனாரின் கால்தடம் கிடக்கிறது, இருபது வருஷம் கழித்தும் அதே கோணல் பெருவிரல்தான் என்று, பால்காரன் இன்னும் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள். தராசில் எண் ஆடி நிற்கும்வரை பார்த்திருந்த பாக்கியசீலி சீனியைப் பையில் தட்டிவிட்டு, "அது நான் கேட்ட மண்ணுதான்" என்றாள். தவசிக்கனி அப்படியா என்று கேட்டுவிட்டு, பருப்பு வந்திருக்கிறதா என்று விசாரித்தாள்.

அவள் மண் கேட்ட கதை இதுதான். கைரேகை வைக்கிற இயந்திரத்துக்குச் சிக்னல் கிடைக்காமல் ஊரே வெளியில் வேப்பமர நிழலில் காத்துக் கிடக்கும் மத்தியானங்களில், எடை போடுகிற பாக்கியசீலிக்கு வேலை இருக்காது. அப்போது அவள் கைப்பேசியில் 'பொடி' என்று ஒரு விளையாட்டை விளையாடுவாள். அதில் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. விரலை வைத்தால் மேலிருந்து மணல் கொட்டும், தண்ணீர் ஓடும், எண்ணெய் மிதக்கும், தீ பிடிக்கும், காற்று அடிக்கும், அவ்வளவுதான். நாற்பத்துநாலு வயசுப் பொம்பளைக்கு இது என்ன விளையாட்டு என்று கடையின் விற்பனையாளர் துரைப்பழம் கேலி செய்வார். ஆனால் பதினாறு வருஷமாக அரிசியும் பருப்பும் கோதுமையும் தன் கை வழியாகவே ஊருக்குள் போவதைப் பார்த்த பாக்கியசீலிக்கு, எந்தப் பொருள் எப்படி விழும், எப்படிக் குவியும், எப்போது சரியும் என்பது ஞானஸ்நானம் வாங்கின பெயரைப் போல நிச்சயமாகத் தெரியும். அதனால் அந்த விளையாட்டின் பிழைகள் அவளுக்குச் சோற்றில் கல்லாகப் பட்டன.

'புதிய பொருள் சொல்லுங்கள்' என்று அதில் ஒரு பொத்தான் இருந்தது. தட்டினால் ஒரு படிவம் வரும்: பெயர் என்ன, எப்படி விழும், தண்ணீர் பட்டால் என்ன ஆகும், தீ பட்டால், காற்று அடித்தால். பாக்கியசீலி முதலில் சீனியைப் பற்றி எழுதினாள். சீனியை மணல் மாதிரி விழவிடுகிறீர்கள், ஐப்பசி மாசத்துச் சீனி அப்படி விழாது, கட்டி கட்டியாகத்தான் விழும், தட்டினால்தான் உதிரும் என்று எழுதினாள். மறுநாள் 'சேர்த்தாச்சு' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. விளையாட்டில் சீனி ஒட்டத் தொடங்கியது. அதைத் தொட்டால் கீழே பொடியெழுத்தில், 'சொன்னவர்: பாக்கியசீலி, கொல்லாவிளை' என்றும் வந்தது. உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்து அதை விளையாடுகிறவர்கள் தன் பெயரைப் படிக்கிறார்கள் என்ற நினைப்பில் அன்று அவளுக்கு ராத்திரிச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. பிறகு பருப்பு சரிகிற கோணத்தைத் திருத்தினாள், மாவுக்குத் தும்மல் வைத்தாள், பாமாயிலை மார்கழியில் உறையவைத்தாள். ஒவ்வொன்றுக்கும் சேர்த்தாச்சு, சேர்த்தாச்சு என்று பதில் வந்தது.

பங்குனியில் ஒருநாள் அவள் தேரி மண்ணைப் பற்றி எழுதினாள். ஊருக்கும் கடலுக்கும் நடுவே நாலு மைல் அகலத்துக்கு மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற அந்தச் செம்மண், காற்றோடு கிளம்பி இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்று குடிமாறிக்கொண்டே இருக்கும். காலையில் மிதித்த தடம் மத்தியானம் இருக்காது. அவள் இப்படி எழுதினாள்: பெயர், தேரி மண். விழுவது, சத்தமில்லாமல். தண்ணீர் பட்டால், குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். தீ பட்டால், ஒன்றும் ஆகாது. காற்று அடித்தால், பறக்கட்டும், ஆனால் மிதித்த காலை மறக்கக் கூடாது. ஓரிடத்துக்கு ஒரு கால், கடைசியாக மிதித்த கால்.

எந்த நாளிலிருந்து மறக்கக் கூடாது என்று படிவத்தில் கேள்வி இல்லை, அவளும் சொல்லவில்லை. மண் தன் இஷ்டத்துக்கு, ஆதியிலிருந்தே என்று எடுத்துக்கொண்டது. சீனியும் மாவும் திரையோடு நிற்க இது மட்டும் ஏன் ஊருக்குள் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வந்தது வந்துவிட்டது, இனி அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதுதான் ஊருக்குப் பெரிய பாடாக இருந்தது.

முந்திரித் தோப்பில் கொட்டை திருடினவர்களின் கால்கள் அப்பட்டமாகக் கிடந்தன. திருட்டுக் கொடுத்தவரும் அடுத்த தோப்பில் திருடியிருந்தபடியால் பேச்சு அத்தோடு நின்றது. தினமும் சாயங்காலம் தன் மனைவி மேட்டுவரை போய்ச் சும்மா நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள் என்று மண்ணில் கண்டு, இருபது வருஷமாக இதையே செய்திருக்கிறாள் என்று அவள் வாயாலேயே கேட்ட ஒருவர், முதலில் கோபப்பட்டு, பிறகு யோசித்து, பிறகு தானும் அவளோடு போய் நிற்க ஆரம்பித்தார். செத்துப்போன பிள்ளையின் சின்னக் காலைக் கண்டுபிடித்த ஒருத்தி அதைச் சுற்றி முள்வேலி கட்டினாள். படிவத்தில் பாக்கியசீலி கால் என்று எழுதினாளே தவிரச் செருப்பு என்று எழுதவில்லை, அதனால் செருப்புக் காலை மண் கண்டுகொள்ளவில்லை. இது தெரிந்த ஒரு வாரத்தில் உடன்குடிச் சந்தையில் செருப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒளிக்க ஏதும் இல்லாதவர்கள் வெறுங்காலோடு வாருங்கள் என்று உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவித்தார். அடுத்த வாரம் முழுச் சபையும் செருப்போடு வந்தது, உபதேசியார் உட்பட.

அவர் வெளியூர்க்காரர், ஊர்ப் பழக்கம் ஒவ்வொன்றையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். வந்த வருஷம் ஆடியில் ஒரு வீட்டுக் கதவை ஒரு மணிநேரம் தட்டிக்கொண்டு நின்றவர் அவர். ஆனி ஆடியில் கொல்லாவிளையின் கதவுகளைக் காற்று இடைவிடாமல் தட்டும். மண் உள்ளே வராமலிருக்க வாசற்படிக்கு அடியில் சாக்கைத் திணித்துவிட்டு உள்ளே இருக்கிறவர்கள், தட்டுகிற சத்தத்துக்கு எழுந்திருக்கவே மாட்டார்கள். வருகிறவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். தட்டுவது காற்று, கூப்பிடுவது மனுஷன் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

இத்தனை களேபரத்திலும் பாக்கியசீலி மட்டும் குனிந்தே நடந்தாள். அவள் தேடியது ஒரே ஒரு காலை, வலது பாதத்தில் ஆறு விரல் உள்ள காலை.

அவளுக்கு ரூபி என்று ஒரு தங்கச்சி இருந்தாள், எட்டு வயசு இளையவள். பதினொரு வருஷத்துக்கு முன்னால், அம்மா படுக்கையில் கிடந்த ஆடி மாசத்தில், ரூபி பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனைப் பார்க்கப் போயிருந்த அந்த ஒரு மணிநேரத்தில் அம்மாவின் உயிர் போய்விட்டது. ஏழாம் நாள் ஜெபம் முடிந்து ஜனம் கலைந்த பிறகு, பாக்கியசீலி அழுகையும் ஆத்திரமுமாகத் தங்கச்சியைப் பார்த்து, "இனி உன் வாயால என்னை அக்கான்னு கூப்பிடாத" என்றாள். ரூபி வெறுங்காலோடு புறவாசல் வழியாக இறங்கித் தேரிக்குள் போனாள். மறுநாள் கடற்கரையில், ஜெபத்துக்கு அவள் தலையில் போட்டிருந்த முக்காட்டுத் துணி கிடைத்தது, அவள் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் வெறும் தரையில் ஒரு மெழுகுவர்த்தி வருஷாவருஷம் எரியும். தான் சொன்ன ஒரு சொல்தான் தங்கச்சியைக் கடலில் தள்ளியது என்று பாக்கியசீலி யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம் சொல்லாத நாளும் இல்லை. விளையாட்டுத் திரையிலாவது ஒரு கால் கலையாமல் கிடக்கட்டும் என்றுதான் அந்தப் படிவத்தை நிரப்பினாள்.

சித்திரை பிறந்த மூன்றாம் நாள், முள்ளுக்காட்டை ஒட்டின பள்ளத்தில் அந்தக் காலைத் துரைப்பழம் கண்டார். ஆறு விரலும் அச்சுப்போல விழுந்து, கடலைப் பார்த்துப் போயிருந்தது. அவர் தொடவில்லை, தாண்டவும் இல்லை. வந்த வழியே பின்னால் நடந்து வந்து ஊரில் சொன்னார். கடைசிக் கால்தான் நிற்கும் என்பது விதி, யாராவது ஒருவர் வெறுங்காலோடு குறுக்கே போனால் ரூபியின் கால் போய்விடும். அன்றைக்கே ஊர் கூடிப் பேசி, பாக்கியசீலி நடந்து முடிக்கும்வரை கொல்லாவிளையில் ஒரு ஜீவனும் செருப்பில்லாமல் தேரியில் இறங்கக் கூடாது என்று முடிவானது. ஆடுகளைக் கட்டிப்போட்டார்கள். நாய்களைக் கட்ட முடியாததால் சபைத் திருநாளின் அசனப் பந்திக்கு வைத்திருந்த பெரிய சட்டிகளில் சோறு வடித்து, கோயில் வளாகத்துக்குள்ளேயே மூன்று நேரமும் அவற்றுக்கு விருந்து வைத்தார்கள். உள்ளூர் நாய்கள் அவ்வளவு மரியாதையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

விடிந்ததும் பாக்கியசீலி செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தாள். தவசிக்கனி குடையோடு பின்னால் வந்தாள், அவளுக்குப் பின்னால் துரைப்பழமும் உபதேசியாரும், அவர்களுக்குப் பின்னால் பாதி ஊரும். தங்கச்சி எங்கே ஓடினாள், எங்கே நின்றாள், எங்கே உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள் என்பதெல்லாம் மண்ணில் இருந்தது. ஓரிடத்தில் அவள் திரும்பி ஊரைப் பார்த்து நின்றிருந்தாள், குதிகால் திரும்பின வட்டம் அப்படியே இருந்தது, அதன் பக்கத்தில் நின்று பாக்கியசீலியும் திரும்பிப் பார்த்தாள், தங்கள் வீட்டுக் கூரை மட்டும் சின்னதாகத் தெரிந்தது. உச்சிவெயிலுக்குக் கடல் வந்தது. சிவப்பு மண் முடிந்து வெள்ளை மணல் ஆரம்பிக்கிற இடத்தில் ஆறு விரல் கால் நேரே வெள்ளைக்குள் இறங்கியது, அதற்கப்பால் ஒன்றும் இல்லை. வெள்ளை மணலுக்கு யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பாக்கியசீலி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பதினொரு வருஷமாக நினைத்ததுதானே, புதிதாக என்ன என்று மனசைக் கேட்டாள், மனசு கேட்கவில்லை. உபதேசியார் சங்கீதம் ஒன்றைத் தொடங்கி முதல் அடியிலேயே நிறுத்திக்கொண்டார். கூட்டம் நிழல் தேடிக் கலைய, தவசிக்கனி மட்டும் குடையைப் பாக்கியசீலியின் தலைக்குப் பிடித்தபடி வெறுமனே அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "ஏளா சீலி, அங்க பாரு. அந்தக் கால் ஊரைப் பாத்துல்லா வருது" என்றாள்.

பத்தடி தள்ளி, வெள்ளை மணலிலிருந்து ஆறு விரல் கால் ஏறி வந்திருந்தது. திரும்பி வந்திருப்பாள் என்று யாருமே நினைக்காததால் யாருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தேடப் போன அன்றைக்கும் பார்க்கவில்லை.

வந்த கால் போன காலைவிட வேகமாக வந்திருந்தது. பாக்கியசீலி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள், நாலு மைலையும் ஓடினாள், நாற்பத்துநாலு வயசும் எடைக்கல் தூக்கின முதுகும் அன்று அவளுக்கு ஞாபகமே இல்லை. கால் முள்ளுக்காட்டைச் சுற்றி, ஊருக்குப் பின்புறமாக வந்து, அவள் வீட்டுப் புறவாசலில் போய் நின்றது. அம்மா போன, தங்கச்சி போன அந்தப் புறவாசலை அந்த ஆடியோடு தாழ்போட்டவள்தான் பாக்கியசீலி, பிறகு யாரும் அங்கே புழங்கவில்லை. அதனால் அந்தக் கால்கள் மேல் வேறு கால் விழவில்லை. கதவுக்கு முன்னால் இரண்டு பாதங்களும் சேர்ந்தாற்போல, குதிகால் ஆழப் பதிந்து, விரல்கள் வீட்டைப் பார்த்து நின்றிருந்தன. ரொம்ப நேரம் நின்ற கால்கள் என்று எடை தெரிந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ரூபி போன அந்தச் சாயங்காலம் நினைவு வந்தது. அன்று புறவாசல் கதவு தட்டிக்கொண்டே இருந்தது. மும்மூன்றாகத் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. சனியன் காற்று என்று திட்டிக்கொண்டே எழுந்து வந்து, கதவுக்கு உள்பக்கம் குந்தி உட்கார்ந்து, அடியில் இன்னொரு சாக்கைத் திணித்தவள் இவள்தான். கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பாள். ஒரு தடவை எக்கா என்று கேட்டிருந்தால் கதவைப் பிய்த்துக்கொண்டு திறந்திருப்பாள். கூப்பிடாதே என்று சொல்லிவிட்டாளே, சொன்ன சொல்லை அந்தப் பிள்ளை கேட்டுவிட்டதே.

"அவ தட்டியிருக்கா. நான் காத்துன்னு நெனச்சிட்டேன்" என்று பாக்கியசீலி ஊருக்கு முன்னால் சொன்னாள். கொல்லாவிளையில் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

அங்கிருந்து கால் தார்ச்சாலைக்குப் போயிருந்தது. தாருக்கு ஞாபகம் கிடையாது. ஆனாலும் பஸ் ஏறியிருக்கிறாள், கடலில் இறங்கவில்லை, உயிரோடு போயிருக்கிறாள். பாக்கியசீலி சாலையோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்திலும் அழுதாள், வெட்கத்திலும் அழுதாள், தவசிக்கனி இரண்டுக்கும் சேர்த்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். உபதேசியார் தெரிந்த சபைகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார், துரைப்பழம் திருப்பூரில் இருந்த தன் மச்சினனிடம் விசாரிக்கச் சொன்னார். வைகாசி முழுக்க ஒரு தகவலும் இல்லை.

ஆனி முதல் வாரம், இயந்திரத்துக்குச் சிக்னல் போன ஒரு மத்தியானத்தில், பாக்கியசீலி மறுபடியும் அந்தப் படிவத்தைத் திறந்தாள். பொருளின் பெயர், கதவு என்று எழுதினாள். உங்கள் விளையாட்டில் கதவு சுவர் மாதிரி நிற்கிறது, அது சரியில்லை. தண்ணீர் பட்டால் திறக்க வேண்டும், மண் பட்டால் திறக்க வேண்டும், காற்று தட்டினாலும் திறக்க வேண்டும், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. முதல் தடவையாக அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது: 'திறந்தால் உள்ளே மண் வருமே?' அவள் 'வரட்டும்' என்று எழுதினாள். சொன்னவர் பெயருக்குக் கீழே 'கொல்லாவிளை, புறவாசல்' என்று போட முடியுமா என்றும் கேட்டாள். மூன்று நாள் கழித்துச் சேர்த்தாச்சு என்று வந்தது.

இந்தத் தடவை ஊரில் தானாக எதுவும் மாறவில்லை. மண் மாறினது போலக் கதவுகள் மாறவில்லை. மரக்கதவு மரக்கதவாகவே இருந்தது, திறக்கிறவர் கையால்தான் திறக்க வேண்டியிருந்தது. பாக்கியசீலி சாக்கை உருவி எறிந்துவிட்டு, புறவாசலின் தாழை எடுத்தாள். ஆனிக் காற்று வந்து தட்டியது, எழுந்து போய்த் திறந்தாள், ஒரு முறம் மண்ணைக் கொட்டிவிட்டுக் காற்று போனது. மறுபடி தட்டியது, மறுபடி திறந்தாள். சோற்றில் மண், தண்ணீர்ப் பானையில் மண், தலையணை உறைக்குள் மண். கிறுக்கு பிடித்துவிட்டது என்று ஊர் இரண்டு நாள் பேசியது. மூன்றாம் நாள் தவசிக்கனி தன் வீட்டுச் சாக்கை உருவினாள். ஒருவேளை அந்தப் பிள்ளை வீடு தெரியாமல் என் வீட்டைத் தட்டிவிட்டால் என்ன செய்வது என்றாள். அப்புறம் துரைப்பழம் வீடு, அப்புறம் உபதேசியார் வீடு. ஆடி பிறந்தபோது கொல்லாவிளையில் சாக்குத் திணித்த வாசல் ஒன்றுகூட இல்லை. தட்டுகிற சத்தம் கேட்டால் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்துபோய்த் திறந்து, காற்றுதான் என்று கண்டு, வந்ததுதான் வந்தாய் என்று அதையும் உள்ளே விட்டு, பெருக்கிக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பல்லில் மண் கடிபட்டால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஆடி பதினேழாம் தேதி சாயங்காலம் புறவாசல் மும்மூன்றாகத் தட்டியது. அன்றைக்கு அது நாற்பதாவது தடவையோ என்னவோ, பாக்கியசீலி முறத்தையும் துடைப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனாள். திறந்தாள். வாசலில் ரூபி நின்றாள், உடம்பு கொஞ்சம் பூசி, நெற்றியோரம் நரைத்து, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஏழெட்டு வயசில் ஒரு பெண்பிள்ளை வெறுங்காலோடு, கைப்பேசியும் கையுமாக நின்று, கதவின் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மா, கேம்ல இருக்க கதவு இதுதானா?" என்றது. ரூபி அதற்கும் வாய் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வடிய, பதினொரு வருஷம் கழித்தும் சொன்ன சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பாக்கியசீலி முதலில் பார்த்தது காலைத்தான். ஆறு விரலும் இருந்தன. முறம் கையிலிருந்து விழுந்தது.

"ஏட்டி ரூபி, நான் சொன்னது தப்பு. கூப்பிடுட்டி."

ரூபியின் வாய் இரண்டு முறை திறந்து மூடியது, மூன்றாவது முறைதான் சத்தம் வந்தது. "எக்கா" என்றாள்.

அவர்களோடு சேர்ந்து உள்ளே வந்த மண்ணை அன்று யாரும் பெருக்கவில்லை. மறுநாள் காலையில் தவசிக்கனி புறவாசலுக்கு வந்து பார்த்தபோது, வீட்டைப் பார்த்து ஆழப் பதிந்து நின்றிருந்த அந்தப் பழைய கால்கள் அங்கே இல்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய காலும் ஒரு சின்னக் காலும் படியேறி உள்ளே போயிருந்தன. கடைசியாக மிதித்த காலைத்தான் அந்த மண் வைத்துக்கொள்ளும், பாக்கியசீலி அப்படித்தான் கேட்டிருந்தாள்.